யாரிடம் வழி கேட்பது?

குழந்தைக்கு நாம் கற்பிக்கும் பாடங்களுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. "முன்பின் அறியாதவரிடம் பேசாதே" என்பதே அது. மூன்றே சொற்கள். பள்ளிக்குச் செல்லும் முதல் நாளிலேயே அன்னை அதனைச் சொல்லி அனுப்புகிறாள். தந்தை கடைவீதியில் நினைவூட்டுகிறார். பாட்டி கதையோடு கலந்து ஊட்டுகிறாள். அன்பினால் சொல்லப்படுவது ஆகையால் அப்பாடம் சரியானதுதானா என்று எவரும் ஆராய்வதில்லை.

ஆயினும் எந்தக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். கெம்பேகவுடா பேருந்து நிலையத்தின் நெரிசலில், கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் பூக்கடைச் சந்தில், கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலெக்காய் பரிஷெயில், செப்டம்பர் 8ஆம் நாள் சிவாஜிநகர்ப் புனித மரியாள் பேராலயத் திருவிழாவில், பற்றியிருந்த கை நழுவிவிடும். குழந்தை திரும்பிப் பார்க்கும்போது சுற்றிலும் ஆயிரம் முகங்கள் இருக்கும். அம்மாவின் முகம் இராது. அந்த ஆயிரம் பேரும் முன்பின் அறியாதவர்களே. அப்போது அக்குழந்தை என்ன செய்ய வேண்டும்? நாம் கற்பித்த பாடம் அதற்கு விடை தரவில்லை. விடை தராததோடு, எஞ்சியிருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது.

இது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சிறு செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் இதனுள் ஒரு பெரிய அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. அறியாத மனிதரிடத்தில் நாம் எதை எதிர்பார்க்கலாம்? அவருக்கு நாம் எதைக் கடன்பட்டிருக்கிறோம்? குழந்தைக்குச் சொல்லும் விடை எதுவோ, அதுவே நாம் வாழும் வாழ்க்கையின் விடையும் ஆகும்.

புதியவர் என்னும் சொல்

பழந்தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதிதாக யாக்கப்படும் நூலைத் தொல்காப்பியர் விருந்து என்றே வழங்கினார். வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்து எனப்பட்டார். இன்று அச்சொல் இலையில் இடும் உணவைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. திருவள்ளுவர் உறவினரைத் தழுவி வாழ்வதற்குச் 'சுற்றந்தழால்' என ஓர் அதிகாரமும், புதியவரைப் பேணுவதற்கு 'விருந்தோம்பல்' என வேறோர் அதிகாரமும் வகுத்தார். அறிந்தவரிடம் காட்டும் அன்பு ஓர் அறம். அறியாதவரிடம் காட்டும் அன்பு மற்றோர் அறம். முன்னது இருப்பதனாலேயே பின்னது இருப்பதாகிவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்!

இந்நகரில் வாழும் தமிழர்களுக்கு இச்சொல்லின் பொருள் பட்டறிவால் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படைமுகாமைத் தொடர்ந்து வந்து குடியேறியோர் நம்முள் உண்டு. ஆலைகளில் வேலை கிடைத்து வந்தோர் உண்டு. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டபின் பிழைப்பை நாடி வந்தோர் உண்டு. மென்பொருள் நிறுவனங்களை நம்பி நேற்று வந்து இறங்கியோரும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் முதலில் வந்தவர் ஒருவர் இருப்பார். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுதிக் கொணர்ந்த முகவரியைக் காட்டி, யாரோ ஒருவரிடம் வழி கேட்டிருப்பார். அந்த யாரோ ஒருவர் வழி சொன்னதனால்தான் நாம் இன்று இங்கே இருக்கிறோம். அப்படியிருக்க, நம் பிள்ளைகளுக்கு 'அறியாதவர் எல்லாரும் அஞ்சத்தக்கவர்' என்று கற்பிப்பது பொருந்துமா?

அச்சம் விளைக்கும் இரு தீங்குகள்

அச்சத்தினால் தீங்கு என்ன, எச்சரிக்கை நல்லதுதானே என்று கேட்கலாம். இரண்டு தீங்குகளை எடுத்துக் காட்டுவோம்.

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைக்காட்டில் பதினோரு வயதுச் சாரணச் சிறுவன் ஒருவன் வழி தவறினான். பெருந்திரளான மக்கள் அவனைத் தேடினர். நான்கு நாள்களுக்குப் பின்னரே அவன் உயிரோடு கிடைத்தான். தேடி வந்தோர் சிலரை அவன் இடையிலேயே கண்டிருந்தான் என்பது பின்னர் தெரிந்தது. அவர்கள் அறியாதவர்கள், தன்னைக் கடத்திச் சென்றுவிடுவார்களோ என்று அஞ்சி அவன் ஒதுங்கிக்கொண்டான். பெற்றோர் சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளை அவன். அச்சொல்லே அவனைக் காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து அவனை மறைத்தது. காணாமற்போகும் சிறுவர்களுக்காக அந்நாட்டில் இயங்கும் தேசிய மையம், 'அந்நியர் ஆபத்தானவர்' என்னும் பழைய முழக்கத்தை இனிக் கைவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டில் அறிவித்தது.

இது குழந்தைக்கு நேர்ந்த தீங்கு. அதே பாடத்தைக் கற்று வளர்ந்த பெரியவர்கள் செய்யும் தீங்கு இதனினும் கொடியது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் கூட்டமாக ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்னும் பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியாகத் தென்னிந்தியா எங்கும் பரவியது. மே 9ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலை நாடிக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்பதற்காக நின்றது. அதில் இருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாயிற்று. கூட்டம் சூழ்ந்து அடித்ததில் அவ்வம்மையார் உயிரிழந்தார். இரண்டு வாரம் கழித்து, மே 23ஆம் நாள், நம் பெங்களூரின் சாமராஜபேட்டையிலேயே, பிழைப்புக்காக ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த 26 வயது இளைஞர் ஒருவரைக் கூட்டம் ஒன்று பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்றுக் கட்டி அடித்துக் கொன்றது.

இவ்விருவரும் செய்த பிழை யாது? ஊருக்குப் புதியவர்களாக இருந்தது ஒன்றே. அவ்வூர்களில் அடித்தவர்கள் பிறவிக் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளைகளைக் காப்பதாகவே அவர்கள் எண்ணியிருப்பர். எண்ணத்தில் அன்பு இருந்தும் செயலில் கொலை விளைந்தது. காரணம், 'அறியாதவர்' என்ற சொல்லையும் 'தீயவர்' என்ற சொல்லையும் ஒன்றாக்கிக்கொண்டதே ஆகும்.

நம் இலக்கியம் இக்கொடுமையை முன்பே கண்டு எழுதியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கோவலன் யார்? பிழைப்பைத் தேடி வேற்றூருக்கு வந்த புதியவன். மதுரையில் அவனை அறிந்தார் எவருமில்லை. ஒருவன் சொன்ன பழியை ஆராயாமல் அரசன் ஆணையிட்டான். சென்ற காவலர்கூட இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர்; அத்தயக்கமும் பேச்சினால் கலைக்கப்பட்டது. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை எவரும் அவனுக்குத் தரவில்லை. போளூரிலும் சாமராஜபேட்டையிலும் நடந்தது அதுவே அன்றோ? அங்கேயும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டு, ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மையை அறிந்திருக்கலாம்.

யாரை ஐயுறுவது?

அப்படியாயின் எல்லாரையும் நம்பிவிடலாமா என்று பெற்றோர் கேட்பர். கேட்பது முறையே. குழந்தைகளுக்குத் தீங்கு செய்வோர் உலகில் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் உள்ளபடி காண வேண்டும்.

இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளிடம் பாலியல் தீங்கு இழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தை நன்கு அறிந்தவர்களும் அதன் நம்பிக்கைக்கு உரியவர்களும் என்று காட்டியது. 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளிலோ, குற்றம் சாட்டப்படுவோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் என்போர் அவர்கள். 'அறியாதவரிடம் பேசாதே' என்னும் பாடத்தின் மறுபக்கம் 'அறிந்தவரிடம் அஞ்சாதே' என்பதாகிவிடுகிறது. அந்த மறுபக்கத்தில்தான் பல குழந்தைகள் வாய் மூடித் துன்புற்றிருக்கின்றன.

ஆகவே அறிந்தவர், அறியாதவர் என்று போடும் கோடு நல்லவரையும் தீயவரையும் பிரிக்கும் கோடு அன்று. பிரிப்பது நடத்தை. 'அம்மாவிடம் சொல்லாதே' என்பவர் யாராயினும் ஐயத்திற்கு உரியவர். 'என்னோடு வேறிடத்துக்கு வா' என்பவர் யாராயினும் ஐயத்திற்கு உரியவர். இவ்விரண்டையும் ஆறு வயதுக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும். மாமன் சொன்னாலும் மறுக்கலாம் என்ற உரிமையையும் அதனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் அமைத்தார். அரசன் ஆளைத் தேர்வதற்குச் சொன்னது ஆயினும், அதன் கருத்து நம் பிள்ளைக்கும் உரியது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் வீணே ஐயுறுவதையும் அவர் ஒருசேரக் கடிந்தார். நம்பிக்கையும் வேண்டாம், ஐயமும் வேண்டாம் என்பதன்று அவர் கருத்து. இரண்டுக்கும் முன்னே ஆராய்தல் நிற்க வேண்டும் என்பதே ஆகும்.

மாதரியும் பொற்கொல்லனும்

ஆராய்வது எப்படி? கோவலன் மதுரையில் சந்தித்த புதியவர்கள் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருத்தி மாதரி, நகர்ப்புறத்தே வாழ்ந்த ஆயர்குல முதியவள். கவுந்தியடிகள் அவள் இயல்பை அறிந்து, கோவலனையும் கண்ணகியையும் அவளிடம் அடைக்கலமாகத் தந்தார். அவள் தனி மனை தந்தாள். உணவுக்கு வேண்டிய பொருள் தந்தாள். துணைக்குத் தன் மகள் ஐயையையும் தந்தாள். மற்றவன் அரசனுக்கு உரிய பொற்கொல்லன். சிறந்த ஆடை அணிந்து, நூறு கைவினைஞர் பின்தொடர வீதியில் வந்தவன். அந்தத் தோற்றத்தைக் கண்டே கோவலன் அவனை அணுகிச் சிலம்பைக் காட்டினான். 'இங்கே காத்திரு' என்று தன் இருப்பிடத்தருகே அவனை நிறுத்திவிட்டு அரண்மனைக்குப் போனான் அவன். பின்னர் நடந்ததை நாம் அறிவோம்.

நாமும் குழந்தையிடம் 'நல்லவர்களாகப் பார்த்துக் கேள்' என்று சொல்கிறோம். நல்லவர் என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? வெளுத்த சட்டையும் பளபளக்கும் காரும் உடையவர் அல்லரோ? குழந்தை வழி தவறிய இடத்தில் உண்மையில் உதவக்கூடியவர் மாதரியைப் போன்றவரே. காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் அமர்ந்து பூத்தொடுக்கும் அம்மை, நாள்தோறும் அதே தெருவைப் பெருக்கும் பௌரகார்மிகர், கடையை விட்டுப் போக முடியாத கடைக்காரர், பேருந்தின் நடத்துநர், நம்ம மெட்ரோ நிலையத்தில் சீருடையோடு நிற்பவர், பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னால் இருப்பவர், தம் பிள்ளைகளோடு நிற்கும் தாய் ஆகியோரே அவர்கள். இவர்களுள் பலரை அந்த இடமே அறியும். பூக்காரம்மை நாளையும் அங்கேயே இருக்க வேண்டியவர். அடுத்த கடைக்காரர் அவர் பெயரை அறிவார். அவருடைய நற்சான்று அவர் உடையில் இல்லை. அவர் அமர்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, குழந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்தில் பெரும்பாலோர் தீங்கு எண்ணாதவர்கள். குழந்தை தானாக ஒருவரைத் தேர்ந்தால் அவர் தீயவராக இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. தனித்து நிற்கும் குழந்தையைத் தேடி வருபவரோ தாமே தேர்ந்து வருபவர். அவரும் பெரும்பாலும் இரக்கத்தினாலேயே வருகிறார். ஆனால் தீய நோக்கமுடையவன் ஒருவன் இருப்பின் அவனும் இவ்வாறே வருவான். ஆகையால், 'நீயே போய்க் கேள். தானாக வந்தவர் அழைத்தால், பக்கத்துக் கடை அம்மாவிடம் போகலாம் என்று சொல்' என்று கற்பிக்கலாம்.

மூன்றாவது, இடம் மாறக்கூடாது. உதவி நின்ற இடத்துக்கே வர வேண்டும். தொலைபேசியில் பேசுவதானாலும் பலர் காணப் பேச வேண்டும். தேடும் தாய் முதலில் திரும்பி வருவது கை நழுவிய இடத்துக்கே அன்றோ?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 'நம்மவராகப் பார்த்துக் கேள்' என்று சொல்லும் வீடுகள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நகரில் தமிழர்க்கு எதிராக மூண்ட கலவரத்தையும், 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததையும் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவற்றை மறந்துவிடுங்கள் என்று சொல்வது நேர்மையன்று. ஆனால் நினைவு முழுமையாக இருக்க வேண்டும். அந்நாள்களில் கதவைத் திறந்து தமிழ்க் குடும்பங்களை உள்ளே அழைத்துக்கொண்ட கன்னட அயலாரும் இருந்தனர். தாக்கியவரும் கன்னடம் பேசினார். காத்து நின்றவரும் கன்னடம் பேசினார். இன்னார் என்று காட்டியது மொழியன்று, செயலே. முதற்பாதியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தால், ஆபத்து நேரத்தில் அது தன்னைச் சுற்றியிருக்கும் பாதிக்கு மேற்பட்ட நல்லவர்களை இழந்து நிற்கும்.

சொல்ல வேண்டிய சொற்கள்

யாரைக் கேட்பது என்று தெரிந்தால் போதாது. என்ன சொல்வது என்றும் தெரிய வேண்டும். 1986ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துக் காண்டுவாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், ரயிலில் ஏறி உறங்கிப்போய், ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்கத்தாவில் இறங்கினான். பின்னாளில் சரூ பிரையர்லி என்று உலகம் அறிந்தவர் அவரே. அவன் பேசியது இந்தி. சுற்றியிருந்தோர் பேசியது வங்காளி. தன் ஊர்ப் பெயரைத் திருந்தச் சொல்ல அவனுக்கு வரவில்லை. தன் பெயரையே 'ஷேரு' என்பதற்குச் 'சரூ' என்று உச்சரித்தான். ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்று அவனைத் தத்தெடுத்து வளர்த்தது. கூகுள் எர்த் படங்களில் பல ஆண்டுகள் தேடித் தன் ஊரைக் கண்டறிந்து, 2012ஆம் ஆண்டில் அவர் தம் தாயைச் சந்தித்தார். ஊர்ப் பெயரும் தாயின் முழுப்பெயரும் தெளிவாகத் தெரிந்திருந்தால் அந்த இருபத்தைந்து ஆண்டுப் பிரிவு நேர்ந்திராமலே இருக்கக்கூடும்.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். பூக்காரம்மையும் நடத்துநரும் பேசுவது பெரும்பாலும் கன்னடம். ஆகவே பெற்றோரின் முழுப்பெயர், தொலைபேசி எண், குடியிருக்கும் பகுதியின் பெயர் ஆகியவற்றோடு ஒரு கன்னடத் தொடரும் குழந்தையின் நாவில் இருக்கட்டும். "அம்மா காணிஸ்தில்ல, போன் மாடி கொடி." அம்மாவைக் காணவில்லை, தொலைபேசியில் அழைத்துக் கொடுங்கள் என்பது பொருள். 'காணிஸ்தில்ல' என்பது நம் 'காணவில்லை'யின் உடன்பிறந்த சொல்தான். இத்தொடரைக் கற்பிக்கும்போதே, இந்நகர மக்கள் உனக்கு உதவுவார்கள் என்னும் நம்பிக்கையையும் கற்பிக்கிறோம். மொழியைக் கற்றுக்கொள்ளாதே, ஆனால் மக்களை நம்பு என்று சொன்னால் குழந்தை எப்படி நம்பும்?

கேட்கப்படுபவர் நாமே

இதுகாறும் நம் குழந்தையை மற்றவர் எப்படி நடத்துவர் என்று பேசினோம். மற்றவர் குழந்தைக்கு நாமே அறியாதவர்கள் என்பதையும் எண்ண வேண்டும். அழுதுகொண்டு நிற்கும் குழந்தையை இன்று ஓர் ஆண்மகன் காண்கிறார். அருகே செல்ல அவர் மனம் விழைகிறது. 2018ஆம் ஆண்டின் செய்திகளும் அவர் நினைவுக்கு வருகின்றன. கைப்பிடித்தால் பிள்ளை பிடிப்பவன் என்று கூட்டம் கூடிவிடுமோ என்று அஞ்சி விலகிப் போகிறார். நல்லவர்கள் இப்படி ஒவ்வொருவராக விலகிப்போனால், இறுதியில் அக்குழந்தையின் அருகே வருபவர் யார்? அச்சம் தான் தடுக்க விரும்பிய தீமைக்கே வழிவிட்டு நிற்கிறது.

விலக வேண்டுவதில்லை. குழந்தையைத் தொடாமல், ஓர் அடி தள்ளி, அதன் உயரத்துக்குக் குனிந்து பெயர் கேட்கலாம். அருகிலுள்ள கடைக்காரரையோ ஒரு தாயையோ உரக்க அழைத்துத் துணை சேர்க்கலாம். அங்கேயே நின்று 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். 1996ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய இவ்வுதவி எண், இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. அவசர எண்ணாகிய 112ஐயும் அழைக்கலாம். இது வெறும் இரக்கச் செயலன்று. பெற்றோரைப் பிரிந்து நிற்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கட்டளையிடுகிறது. தெரிவிக்காமல் இருப்பது குற்றம் என்றும் கூறுகிறது. அறம் என்று முன்னோர் சொன்னதை நம் காலம் சட்டமாகவும் எழுதி வைத்திருக்கிறது.

இந்நகரில் அல்சூர் ஏரிக்கரையோரம் திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்கிறது. 1991ஆம் ஆண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் அது மூடிய துணிக்குள் காத்திருந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. இரண்டு ஊர்களும் ஒன்றன் கவிஞரை மற்றொன்று விருந்தாக ஏற்றுக்கொண்டன. அரசுகள் பேசி முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. கூட்டத்தில் கை நழுவிய குழந்தைக்கு அவ்வளவு பொழுது இல்லை. அதற்கு இருப்பவை சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் அது அஞ்சி ஒளியாமல் ஒருவரைத் தேர்ந்து கேட்கவும், கேட்கப்பட்டவர் அஞ்சி விலகாமல் நின்று உதவவும் வேண்டுமானால், இரண்டு பாடங்களும் நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். இன்றே பிள்ளையை அருகழைத்து, "வழி தவறினால் யாரைக் கேட்பாய்?" என்று கேளுங்கள். அது சொல்லும் விடையைப் பொறுமையோடு கேட்டபின், உங்கள் தெருமுனைப் பூக்காரம்மையின் பெயரைக் கேட்டறிந்து, பிள்ளையை அவருக்கு அறிமுகம் செய்து வையுங்கள்.